திருவேங்கடாசாரியாரும் பழைய சதுரங்கமும்

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற விளையாட்டுப் போட்டிகளில், சதுரங்கப் பகுதிக்கு நடுவராக இருக்கும் பொறுப்பு அடியேனுக்கு வாய்த்தது. அவ்விளையாட்டில் நான் வல்லுநன் அல்லேன். பார்சல் கணக்குகளைப் பிழையின்றிக் கூட்டுபவன் காய்களையும் பிழையின்றிக் கண்காணிப்பான் என்று செயற்குழுவினர் கருதினர் போலும்.

முதற் சுற்றிலேயே இடர் நேர்ந்தது. ஒரு பக்கம் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் முதியவர் ஒருவர், வயது எழுபத்தெட்டு. மறுபக்கம் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பெரியவர் காய்களை அடுக்கும்போதே தம் ராஜாவைப் பையனுடைய ராணிக்கு எதிரே நிறுத்தினார். கைத்தவறு என்று எண்ணி நானே திருத்தி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கியது. காலாள் ஒவ்வொன்றையும் அவர் ஒரு கட்டமே நகர்த்தினார். ஒன்பதாவதோ பத்தாவதோ காய் நகர்த்தலில் ராஜாவை எடுத்துக் குதிரையைப் போலத் தாவ வைத்தார். பையன் சிரித்துவிட்டான்.

"தாத்தா, ராஜா குதிக்கக் கூடாது."

"ஒரு தரம் குதிக்கலாம் அப்பா. இன்னும் என் ராஜாவை யாரும் முற்றுகை இடவில்லையே."

இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். நான் அச்சிட்ட விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். செல்லாது என்று தீர்ப்புச் சொன்னேன். பெரியவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்படியானால் நான் அறுபது வருஷமாக ஆடியது சதுரங்கமே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை என்னிடம் அன்று இல்லை. விடை தேடி, கிடைத்த நூல்களை விடுமுறை நாள்களில் படித்ததன் பயனே இக்கட்டுரை. படித்த பின்பு ஒன்று தெளிவாயிற்று. பெரியவர் ஆடியது சதுரங்கமே. சொல்லப்போனால், நாம் இன்று ஆடுவதைக் காட்டிலும் இந்நாட்டில் நெடுங்காலம் ஆடப்பட்டு வந்தது அதுவே. அஃதன்றி, அப்பழைய ஆட்டத்தின் வரலாற்றில் நாம் குடியிருக்கும் இத்திருப்பதிக்கே ஓர் இடம் உண்டு. அதனை நம்முள் பலர் அறியார். நானும் அறிந்திருந்தேன் அல்லேன்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புடைய படைக்குச் சதுரங்கம் என்று பெயர். எட்டுக்கு எட்டாக வகுத்த அறுபத்து நான்கு கட்டப் பலகைக்கு வடமொழியில் அஷ்டாபதம் என்பர். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னரின் அவையில் இருந்த பாணர் தமது ஹர்ஷ சரிதத்தில் இவ்விரண்டையும் சேர்த்துச் சிலேடையாகக் குறித்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்திலும் இவ்விளையாட்டின் விவரம் வருகிறது. தமிழ்நாட்டிலோ, நீடாமங்கலத்திற்கு அருகிலுள்ள திருப்பூவனூரில் இறைவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். அரசன் மகளைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். இங்கிருந்து சென்னைக்கும் அங்கிருந்து தஞ்சைப் பக்கத்திற்கும் விடுமுறைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு முறை அத்தலத்தை வழிபட்டு வரலாம்.

இவ்விளையாட்டு நம் நாட்டிலிருந்து பாரசீகம் சென்று சத்ரங் என்றும், அரபியர் வாயில் ஷத்ரஞ்சு என்றும் ஆயிற்று. ஐரோப்பாவை அடைந்து, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய மாறுதல் அடைந்தது. அதுவரை ஒரு கட்டம் மட்டும் மூலைவாட்டில் நகர்ந்துகொண்டிருந்த மந்திரி அங்கே ராணியாகி, எல்லாத் திசையிலும் நெடுந்தூரம் ஓடும் வலிமை பெற்றாள். அந்த ஆட்டமே பிற்காலத்தில் ஆங்கிலேயருடன் கப்பலேறி நம்மிடம் திரும்பி வந்தது.

காய்களின் பெயர்களைப் பற்றி ஒரு சொல். நம் குடியிருப்புப் பிள்ளைகள் தெலுங்குப் பிள்ளைகளுடன் ஆடும்போது ஒரு குழப்பம் எழுவதைக் கண்டிருப்பீர்கள். தமிழ்ப் பிள்ளை மந்திரி என்பது மூலைவாட்டில் ஓடும் காயை. தெலுங்குப் பிள்ளை மந்திரி என்பது நாம் ராணி என்னும் காயை. மூலைவாட்டுக் காய்க்குத் தெலுங்கில் சகடு, அதாவது வண்டி. இவ்விஷயத்தில் தெலுங்கரே பழைய வழக்கைக் காத்துள்ளனர் என்பது என் கருத்து. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் ராஜாவின் பக்கத்தில் நின்றவன் மந்திரியே; ராணிக்குப் போர்க்களத்தில் இடம் கிடையாது. வட நாட்டில் மூலைவாட்டுக் காய்க்கு ஒட்டகம் என்று பெயர். ஒட்டகம் என்னும் அச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, பெரியவரின் விதிகள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்தியாவின் பல பகுதிகளில் ஆடப்பட்ட நாட்டுச் சதுரங்கத்திற்கு ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆயினும் பொதுவான அமைப்பு ஒன்றே. முதலாவது, இரு தரப்பிலும் ராஜா தன் மந்திரிக்கு வலப்பக்கத்தில் நிற்பான். ஆகவே ஒருவன் ராஜாவுக்கு நேர் எதிரே மற்றவன் மந்திரி நிற்பான். இரண்டு ராஜாக்களும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்து நிற்பதில்லை. நான் கைத்தவறு என்று திருத்தினேனே, அது தவறன்று; முறை. திருத்தியதுதான் தவறு.

இரண்டாவது, காலாள் ஒரு கட்டமே நகரும். முதல் அடியில் இரண்டு கட்டம் போகும் உரிமை பொதுவாக இல்லை. சில பகுதிகளில் குறிப்பிட்ட சில காலாள்களுக்கு மட்டும் அது உண்டு. இதனால் ஆட்டம் மெல்லச் சூடேறும். அந்த மந்தத்தைப் போக்கச் சில ஊர்களில் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரும் சில காய்களை ஒருசேர நகர்த்தி அணிவகுத்துக்கொண்டு, பின்னரே மாறி மாறி ஆடத் தொடங்குவர்.

மூன்றாவது, ராஜாவையும் தேரையும் ஒரே வேளையில் இடம் மாற்றிக் கோட்டை கட்டும் ஐரோப்பிய முறை இல்லை. அதற்கு ஈடாக, ஆட்டத்தில் ஒரே ஒரு முறை ராஜா குதிரையைப் போலத் தாவிப் பாதுகாப்பான மூலைக்குச் செல்லலாம். அதற்கு முன் முற்றுகைக்கு ஒரு முறையேனும் ஆளாகியிருந்தால் அவ்வுரிமை போய்விடும். எனவே எதிரி எப்படியாவது ஒரு முற்றுகை கொடுத்து அவ்வுரிமையைப் பறிக்கப் பார்ப்பான். "இன்னும் என் ராஜாவை யாரும் முற்றுகை இடவில்லையே" என்று பெரியவர் சொன்னதன் பொருள் இதுவே. விதியை மீறுபவர் அப்படிச் சொல்லமாட்டார். விதியின் நிபந்தனையையும் அறிந்தவரே சொல்வார். நடுவனாக இருந்த நான் அதனை அப்போது உணரவில்லை.

நான்காவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. காலாள் கடைசி வரிசையை அடைந்தால் இன்று எவரும் கண்ணை மூடிக்கொண்டு அதனை ராணியாக்கிக்கொள்வர். நாட்டு ஆட்டத்தில் அவ்வாறு ஆகாது. எந்தக் கட்டத்தை அடைந்ததோ, அக்கட்டத்திற்கு உரிய காயாகவே உயர்வு பெறும். குதிரையின் கட்டத்தை அடைந்தால் குதிரை. தேரின் கட்டத்தை அடைந்தால் தேர். ராஜாவின் கட்டத்தையோ மந்திரியின் கட்டத்தையோ அடைந்தால் மந்திரி. அதுவும் பல ஊர்களில் அக்காய் முன்னரே வெட்டுண்டிருந்தால்தான். இல்லையேல் இடம் காலியாகும் வரையில் காலாள் காத்து நிற்க வேண்டும். பதவி உயர்வுக்குக் காலியிடம் வேண்டும் என்னும் இவ்விதியை நம் அலுவலகத்து நண்பர்களிடம் சொன்னபோது, சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் இரயில்வேயில் பணியாற்றியவனே என்று ஒருவர் சாதித்தார்.

முடிவு பற்றிய விதிகளும் வேறு. எதிரியின் காய்கள் அனைத்தையும் வெட்டி ராஜாவைத் தனியாக்கிவிட்டால், இன்றைய ஆட்டத்தில் அது வெற்றிக்கு வழி. நாட்டு ஆட்டத்தில் பல இடங்களில் அது முழு வெற்றியாகாது. சமமாகவோ அரை வெற்றியாகவோ கொள்ளப்படும். ஆகவே வல்லவன் எதிரிக்கு ஒரு காயை வேண்டுமென்றே விட்டுவைத்து, அதனையும் தாண்டி ராஜாவைச் சிறைப்படுத்துவான். காலாளைக் கொண்டு இறுதி முற்றுகை கொடுப்பதே யாவற்றினும் சிறந்த வெற்றியாகப் போற்றப்பட்டது. அரசனைச் சிப்பாய் பிடித்தான் என்றால் பிடித்தவனுக்கும் பெருமை. பிடிபட்டவனுக்கோ பெரிய அவமானம்.

இவ்வாறெல்லாம் விதி வேறுபட்டால் அது ஒழுங்கற்ற ஆட்டம் அன்றோ என்று சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மங்கோலிய நாட்டுச் சதுரங்கத்தைப் பற்றிப் படித்தபோது அவ்வெண்ணம் மாறிற்று.

மங்கோலியரின் ஆட்டத்திற்கு ஷத்தர் என்று பெயர். பாரசீகத்து வழியே சென்ற நம் சதுரங்கம் என்னும் சொல்லின் தேய்வே அது. புல்வெளியில் மந்தை மேய்க்கும் மக்கள் தம் கூடாரங்களில் ஆடி வளர்த்த ஆட்டம். அங்கே ராஜாவுக்கு நொயோன், அதாவது பிரபு என்று பெயர். மந்திரிக்குப் பெர்ஸ், அக்காயைப் புலி, சிங்கம் போன்ற விலங்காகச் செதுக்குவர். பழைய முறையில் பெர்ஸ் தேரைப் போல நேராக எவ்வளவு தூரமும் ஓடும். மூலைவாட்டிலோ ஒரு கட்டமே நகரும். தேருக்குத் தெரெக், அதாவது வண்டி. குதிரைக்கு மோரி. காலாளுக்குக் கூ, அதாவது பையன். மூலைவாட்டில் ஓடும் காய் தெமே. அதன் பொருள் ஒட்டகம்! வட இந்தியாவில் ஒட்டகம். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் மங்கோலியாவிலும் அதே காய் ஒட்டகம்.

விதிகளிலும் உறவு தெரிகிறது. ஷத்தரில் கோட்டை கட்டுதல் இல்லை. பெர்ஸின் முன் நிற்கும் காலாள் மட்டுமே முதலில் இரண்டு கட்டம் போகலாம். ஏனையவை ஒவ்வொரு கட்டமே. ராஜா தனித்து நின்றால் அங்கும் சமமே. அவர்களுக்கே உரிய நுட்பங்களும் உண்டு. குதிரையைக் கொண்டு இறுதி முற்றுகை கொடுக்கக் கூடாது. முற்றுகைகளுக்கு வெவ்வேறு பெயர்கள் வைத்துள்ளனர். தேர், பெர்ஸ், குதிரை ஆகியவை கொடுப்பது ஷக். ஒட்டகம் கொடுப்பது துக். காலாள் கொடுப்பது த்சோத். இறுதியில் ராஜாவை ஒட்டகமோ காலாளோ பிடித்தால், அதற்கு முன் இடைவிடாது வந்த முற்றுகைகளில் ஒன்றாவது ஷக்காக இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அது நியோல், வெற்றி கிடையாது. ஒருமுறை படித்துப் புரியாமல் மறுமுறை படித்தேன். கடுமையான விதி, ஆயினும் விதி.

அவர்களிடம் இன்னொரு பெரிய ஆட்டமும் உண்டு. ஹியாஷத்தர் என்று பெயர். பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஹியா என்னும் மெய்க்காப்பாளர் இருவர் கூடுதல். ஹியா ஒரு கட்டமோ இரண்டு கட்டமோதான் நகரும். ஆனால் நெடுந்தூரம் ஓடிவரும் பகைக்காய் ஹியாவின் பக்கத்துக் கட்டத்தை மிதித்த மாத்திரத்தில் அங்கேயே நின்றுவிட வேண்டும். சிவப்புக் கொடி காட்டிய நிலையத்தில் நிற்கும் வண்டியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு யானையும் முன்னொரு காலத்தில் வேறு விதமாக நடந்ததாம். கி.பி. 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி என்னும் அறிஞர், இங்குள்ளோர் ஆடும் சதுரங்கத்தில் யானை முன்னே ஒரு கட்டமும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கட்டமும் செல்லும் என்கிறார். நான்கு கால், முன்னே துதிக்கை. அதே நடை பர்மியரின் சிட்டுயின் ஆட்டத்திலும் சயாம் நாட்டவரின் மக்ருக் ஆட்டத்திலும் இன்றும் உள்ளது. நாம் மறந்ததை அவர்கள் வைத்திருக்கின்றனர்.

நிற்க. குதிரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. திருமலையில் உள்ள மணியின் அவதாரம் என்று வைணவர் போற்றும் வேதாந்த தேசிகர் (1268–1369) பாதுகா சகஸ்ரம் என்னும் ஆயிரம் வடமொழிச் சுலோகங்கள் அருளினார். அதில் சித்திர பத்ததியில் அடுத்தடுத்து இரண்டு சுலோகங்கள். ஒவ்வொன்றுக்கும் 32 எழுத்து. முதற் சுலோகத்தின் எழுத்துக்களை நாலுக்கு எட்டாக, அதாவது சதுரங்கப் பலகையில் பாதியாக எழுதிக்கொண்டு, முதற் கட்டத்திலிருந்து குதிரை நடையிலேயே, எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் படித்துச் சென்றால் இரண்டாவது சுலோகம் வெளிப்படும். இரண்டுக்கும் தனித்தனியே பொருள் உண்டு. இரண்டும் அரங்கனின் திருவடி நிலைகளைப் போற்றுபவை. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் இத்தகைய குதிரை நடைப் பாட்டு ஒன்றைச் செய்துள்ளார். ஐரோப்பியக் கணித மேதை ஆய்லர் இக்குதிரை நடையை ஆராய்ந்து எழுதியது 1759-இல். மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராஜ உடையாரும் (1794–1868) குதிரை நடைச் சித்திரங்கள் பலவற்றை அமைத்தவர். காகிதத்தில் கட்டம் போட்டு நான் மூன்று மாலைப்பொழுதுகள் முயன்றேன். 27 கட்டங்களுக்கு மேல் என் குதிரை சென்றதில்லை, பாட்டெழுதுவது எங்கே!

இனித் தலைப்பிற்கு உரியவரிடம் வருவோம். 1814-ஆம் ஆண்டில் பம்பாயில் ஆங்கில நூலொன்று அச்சேறியது. சதுரங்கக் கட்டுரைகள், ஐரோப்பிய ஆட்ட முறைக்குப் பொருந்த அமைத்தவை என்பது அதன் தலைப்பின் கருத்து. ஆசிரியர் பெயர் ட்ரெவங்கடாசார்ய சாஸ்திரீ என்று தலைப்புப் பக்கத்தில் உள்ளது. வடமொழி மூலத்திலிருந்து மொழிபெயர்த்தது என்றும் அதில் குறித்துள்ளனர். அம்மூலத்தின் பெயர் விலாஸமணிமஞ்சரி. ஆட்டத்தின் நெருக்கடியான நிலைகளை வரிசையாகக் கொடுத்து, அவற்றிலிருந்து வெல்லும் வழி காட்டுவது நூலின் பெரும்பகுதி. கற்பவனின் ஆற்றலை வளர்ப்பதும் நினைவுக்குப் பயிற்சி தருவதும் நோக்கம் என்று தலைப்பே கூறும்.

ஆங்கிலேயர் நாவில் சிதைந்து வந்த அப்பெயரைச் சற்றே திருத்திப் படித்தால் திருவேங்கடாசாரிய சாஸ்திரி! அவர் சென்னைக்கு அணித்தான திருப்பதியைச் சேர்ந்தவர் என்று சதுரங்க வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். 1913-இல் சதுரங்க வரலாறு என்னும் பெருநூலை வெளியிட்ட மர்ரே என்னும் ஆங்கில அறிஞரும் இந்நூலை எடுத்துக் கையாண்டுள்ளார். நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலையின் பெயரைத் தாங்கிய ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மேல்கடற்கரை வரை சென்று, ஆங்கிலேயரும் படிக்கத்தக்க சதுரங்க நூல் ஒன்றைத் தந்திருக்கிறார்.

அவர் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கும்பினியார் கைக்கு வந்து, திருப்பதி வட ஆர்க்காட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தது. திருமலைக் கோயில் நிர்வாகமும் 1843 வரை கும்பினியார் பார்வையிலேயே இருந்தது. புணேயில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆட்சி 1818 வரை நீடித்தது. அந்நாளில் திருப்பதியிலிருந்து பம்பாய்க்குச் செல்வதென்றால் எத்தனை ஆறு, எத்தனை கணவாய், எத்தனை சத்திரம்! சென்னைப் பக்கத்து இருப்புப்பாதை நம் ரேணிகுண்டா வழியாகச் சென்று, பம்பாய்ப் பக்கத்துப் பாதையை ராய்ச்சூரில் சந்தித்தது 1871-இல்தான். அதாவது அவர் நூல் வெளிவந்து 57 ஆண்டுகள் கழித்து. இன்று பம்பாய்க்குச் சீட்டுக் கேட்டு வருவோர் ஒரு நாள் பயணத்திற்கே சலித்துக்கொள்கின்றனர்.

அவர் தமிழரா, தெலுங்கரா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சங்க மலரில் எழுதுவதால் தமிழரே என்று நான் முரசறையலாம். திரு என்னும் அடைமொழி நம்முடையது. தொல்காப்பியப் பாயிரமும் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லையாக வேங்கடத்தையே கூறுகிறது. ஆயினும் பெயரை மட்டும் வைத்துத் தாய்மொழியை அறுதியிட இயலாது. அவர் எழுதியது வடமொழியில், அச்சேறியது ஆங்கிலத்தில், வெளிவந்தது மராட்டிய நாட்டில். அவர் வாழ்ந்த நாளில் இங்கே மாநில எல்லைக்கல் எதுவும் இல்லை. சித்தூர் ஜில்லா அமைந்தது 1911-இல். ஆந்திர மாநிலம் 1953-இல். திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது 1960-இல். திருப்பதி தனி மாவட்டமானது 2022-இல். அவ்வெல்லைகளை அவர் தலைமேல் ஏற்றுவது முறையன்று. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ், சென்னையில் பிறந்து வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. அவரை எங்கள் பிள்ளை என்று இரு மாநிலத்தாரும் போட்டியிட்டுக் கொண்டாடினரே, அதுபோல் இவரையும் இரு சாராரும் கொண்டாடட்டும். கொண்டாடுவதற்கு முதலில் அறிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் பலரிடம் நான் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒருவரும் அறியவில்லை.

அந்த நூலின் தலைப்பில் ஒரு சொற்றொடர் என் மனத்தைத் தைத்தது. ஐரோப்பிய ஆட்ட முறைக்குப் பொருந்த அமைத்தவை என்று உள்ளதன்றோ? ஆக, 1814-இலேயே இரண்டு ஆட்ட முறைகள் அருகருகே இருந்தன. அவற்றுள் ஒன்று தளர்ந்து மற்றொன்று ஓங்கும் காலம் தொடங்கிவிட்டது. இரண்டையும் அறிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் கட்டியவர் திருப்பதிக்காரர்.

அவருக்குப் பின் சென்னையில் குலாம் காசிம் என்பவர் புகழ் பெற்றார். 1828-இல் சென்னையும் ஐதராபாதும் கடிதம் வழியாக இரண்டு ஆட்டங்கள் ஆடின. அவ்வாட்டங்களையும், ஐரோப்பிய முறையில் குறிப்பிட்டதொரு தொடக்க ஆட்டத்தின் ஆராய்ச்சியையும் சேர்த்து, ஜேம்ஸ் காக்ரேன் என்னும் ஆங்கில அதிகாரியுடன் அவர் 1829-இல் சென்னையில் நூல் வெளியிட்டார். அவர் பெயரால் ஒரு தொடக்க ஆட்டமே இன்றும் உலக நூல்களில் வழங்குகிறது.

நாட்டு ஆட்டத்தில் வளர்ந்தவர் ஐரோப்பியரை வெல்ல இயலுமா என்பதற்குப் பஞ்சாபின் மீர் சுல்தான் கானைக் காட்டலாம். தந்தையிடம் நாட்டு ஆட்டம் கற்றவர். ஐரோப்பிய விதிகளை இருபது வயதைக் கடந்த பின்னரே பயின்றார். 1929-இல் இலண்டன் சென்று பிரிட்டிஷ் பட்டம் வென்றார். 1932-இலும் 1933-இலும் மீண்டும் வென்றார். உலகப் பட்டத்தை முன்னர் வகித்த காபபிளாங்காவை 1930–31 ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் தோற்கடித்தார். தொடக்க ஆட்டத்தில் தடுமாறுவார், இறுதி ஆட்டத்தில் மலைபோல் நிற்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். காலாள் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து செல்லும் ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு அது இயல்பே. 1966-இல் மறைந்த அவருக்கு உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல். அவரிடம் அதைக் கொடுக்க 58 ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் 1951-இல் தோன்றியது. முதல் தேசியப் பந்தயம் 1955-இல் இதே ஆந்திர நாட்டின் ஏலூரில் நடைபெற்றது. ஆந்திரத்தின் வெங்கய்யாவும் பம்பாயின் சாப்ரேயும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். இவை யாவும் உலக விதிப்படி நடந்தவை. 1961-இல் மானுவல் ஆரோன் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார்; 1988-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர். 2022-இல் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்ததை நம் பிள்ளைகளே நமக்குச் சொல்வர். உலக விதியைக் கற்றிராவிட்டால் இப்புகழ் நமக்கு இல்லை. அதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் உலக விதி வந்தபோது வீட்டு விதியை ஏட்டில் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கலாம். திண்ணைகளில் ஆடியவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களோ அது எழுதத்தக்கது என்று எண்ணவில்லை.

இத்தனையும் படித்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். கையில் பலகையும் காய்களும் இருந்தன. அன்றைய தீர்ப்புப் பிழை என்று சொன்னேன். "பந்தய விதிப்படி நீங்கள் சொன்னது சரிதானே ஐயா" என்றார். திருவேங்கடாசாரியாரைப் பற்றிக் கூறினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஊரை மாற்றியவரும் உள்ளூர்க்காரர்தானா?" என்று கேட்டுச் சிரித்தார். தம் பாட்டனாரிடம் ஏழெட்டு வயதில் கற்றதாகச் சொன்னார். மழைக்காலத்தில் திண்ணையில் கரித்துண்டால் கட்டம் கிழித்து, புளியங்கொட்டையும் சோழியும் காய்களாக வைத்து ஆடினார்களாம். பாட்டனார் வீட்டில் தனி ராஜாவைப் பிடித்தால் சமம். இரண்டு தெரு தள்ளி மாமன் வீட்டில் அது அரை வெற்றி. அதனால் ஆட்டத்திற்கு முன் "யார் வீட்டு ஆட்டம்?" என்று கேட்டுக்கொள்வது வழக்கமாம்.

அவர் சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். பதினொரு விதிகள் ஆயின. படிகளை நமது சங்கப் படிப்பகத்தில் வைத்துள்ளேன். உங்கள் இல்லத்துப் பெரியோர் யாரேனும் நாட்டுச் சதுரங்கம் ஆடியிருந்தால், அவர்கள் எந்த ஊர், ராஜாவை எங்கே நிறுத்தினர், காலாள் எக்கட்டத்தில் என்னவாயிற்று, தனி ராஜாவுக்கு என்ன தீர்ப்பு என்பவற்றைக் கேட்டு எழுதித் தர வேண்டுகிறேன். தெலுங்கு அன்பர்களின் வீடுகளிலும் கேட்கலாம்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் இப்போது ஞாயிறுதோறும் பெரியவர் வீட்டுக்குச் செல்கிறான். அண்மையில் நான் சென்றபோது இருவரும் ஆட்டத்தின் நடுவே வாதம் செய்துகொண்டிருந்தனர். பையனின் காலாள் குதிரைக் கட்டத்தை அடைந்துவிட்டது; அவனுடைய குதிரைகள் இரண்டும் பலகையில் உயிரோடு இருந்தன. காலாள் காத்து நிற்க வேண்டும் என்பது பெரியவர் கட்சி. அதுவரை தன் குதிரை ஒன்றை வெட்டும்படி அவரையே கெஞ்சிக்கொண்டிருந்தான் பையன். அவர் வெட்ட மறுத்தார். என் தீர்ப்பைக் கேட்டனர். நான் சொல்லவில்லை.